குழந்தை உணவும் குடும்ப நிலையும்

மெலிந்த குழந்தை ஒன்றைக் கண்டால், ‘பாவம், வீட்டில் உணவு இல்லை போலும்’ என்று நாம் இரங்குகிறோம். இரக்கம் நல்லதே. ஆயினும் அந்த விடை பாதி உண்மைதான். வீட்டில் அரிசி இருந்தும் மெலிகின்ற குழந்தைகள் உண்டு. பாலும் பருப்பும் வாங்கும் வசதி இருந்தும் வயதுக்கேற்ற வளர்ச்சி பெறாத குழந்தைகளும் உண்டு. ஆகவே, ‘உணவு இருக்கிறதா?’ என்னும் கேள்வியோடு நாம் நின்றுவிடலாகாது. ‘இருக்கின்ற உணவு குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர்கிறதா? சேராமல் தடுப்பது எது?’ என்ற அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நெல்வயல் சூழ்ந்த சிற்றூர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். இரண்டு வீட்டாருக்கும் நியாயவிலைக் கடையிலிருந்து ஒரே அளவு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இரண்டு வீட்டிலும் பத்து மாதக் குழந்தை இருக்கிறது. முதல் வீட்டுக் குழந்தைக்குத் தாய் அருகில் இருக்கிறாள்; உடல் வலுவுள்ள பாட்டியும் உண்டு. பசித்து அழுதால் குழைந்த சோற்றில் பருப்பைப் பிசைந்து, சிறிது நெய்யும் விட்டு, கதை சொல்லி ஊட்ட ஒருவர் இருக்கிறார். இரண்டாவது வீட்டுத் தாய் விடியுமுன்பே நாற்று நடவுக்குப் போய்விடுகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்வது, கண் மங்கிய முதியவள் ஒருத்தியும், பள்ளி இல்லாத நாள்களில் ஒன்பது வயது அக்காளுந்தான். காலையில் வடித்த சோறு மதியமும் அதுவே, மாலையிலும் அதுவே. ஓராண்டு கழித்து இவ்விரு குழந்தைகளையும் தராசில் நிறுத்தினால் வேற்றுமை தெரியும். அரிசி இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். ஊட்டும் கைதான் வேறு.

பானைக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையே உள்ள தொலைவு கண்ணுக்கு ஒரு முழமாகத் தோன்றும். அந்த ஒரு முழத்துக்குள் தந்தையின் கூலி, தாயின் ஓய்வு, அவள் கற்ற கல்வி, வீட்டின் வழக்கம், ஊரின் குடிநீர், கடைத்தெருவின் கவர்ச்சி ஆகிய இத்தனையும் குறுக்கே நிற்கின்றன. குழந்தையின் ஊட்டம் என்பது சமையலறை விஷயம் மட்டும் அன்று; சமுதாயத்தின் விஷயமுமாகும்.

முதலில், சிறு குழந்தையின் தேவை பெரியவர்களின் தேவையினின்று எவ்வாறு வேறுபடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்றும், அதன்பின் தாய்ப்பாலோடு வேறு உணவும் சேர்த்து, இரண்டு வயதும் அதற்கு அப்பாலும் பாலூட்டுதலைத் தொடர வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுரை கூறுகிறது. தாய்ப்பால் நன்கு பெறும் குழந்தைக்கு, ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரை, பிற உணவிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300 கலோரியும், ஓராண்டு நிறைந்த பிறகு 550 கலோரியும் வேண்டும். இவை பெரிய அளவுகள் அல்ல. ஆனால் எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளையில் சுமார் 240 மில்லி லிட்டர், அதாவது ஒரு சிறு குவளை அளவே கொள்ளும். அந்தச் சிறு குவளையை வடிகஞ்சியாலோ பருப்புத் தண்ணீராலோ நிரப்பிவிட்டால் வயிறு நிறையும், உடல் நிறையாது. ஆகவே, கெட்டியான உணவைச் சிறிது சிறிதாக, ஒரு நாளில் மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களைப் போல இருவேளை உண்டு குழந்தை வளர இயலாது. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கூறப்போகும் பலவும் இதைப் பற்றியே சுழல்கின்றன.

‘சிறு வயதில் மெலிந்திருந்தால் என்ன, பிறகு தேறிவிடாதோ?’ என்று கேட்பார் உண்டு. எடை ஓரளவு தேறும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்த உயரமும், அந்நாளில் விரைந்து வளரும் மூளைக்குக் கிடைக்காது போன ஊட்டமும் எளிதில் திரும்புவன அல்ல. இதற்கு மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் நடந்த ஒரு நீண்ட ஆராய்ச்சி சான்றாக நிற்கிறது. அங்கே 1969 முதல் 1977 வரை நான்கு சிற்றூர்களில் குழந்தைகளுக்குப் பானம் வழங்கினர். இரண்டு ஊர்களில் பால்தூளும் தாவரப் புரதமும் கலந்த சத்துக்கஞ்சி. மற்ற இரண்டு ஊர்களில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். அக்குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகு ஆராய்ச்சியாளர் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றனர். பிறந்தது முதல் இரண்டு வயதுக்குள் சத்துக்கஞ்சி கிடைக்கப்பெற்ற ஆண்கள், மற்ற ஊர்களின் ஆண்களைவிட, மணிக்கணக்கில் பெற்ற கூலி சராசரியாக 46 சதவீதம் மிகுதியாக இருந்தது என்று 2008இல் வெளியிட்டனர். மூன்று வயதுக்குப் பின் அக்கஞ்சியைக் குடிக்கத் தொடங்கியவர்களிடம் அத்தகைய உயர்வைக் காணவில்லை. தொட்டிலில் கிடந்தபோது கிடைத்த ஒரு குவளைக் கஞ்சி, முப்பது நாற்பது வயதில் ஒருவன் கைக்கு வரும் கூலியில் தெரிகிறது! வறுமை குழந்தையின் உணவைக் குறைக்கிறது. குறைந்த உணவு அதே குழந்தையைப் பிற்காலத்தில் வறுமையிலேயே நிறுத்துகிறது. இந்தச் சக்கரத்தை எங்கே உடைப்பது என்பதே நம் முன் உள்ள வினா.

இந்த வினாவை நம் நாட்டு அறிஞர் நெடுநாளாகவே ஆராய்ந்து வந்திருக்கின்றனர். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918இல் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவு வகைகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய வடமேற்குப் பகுதி உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய தென்னாட்டு உணவை உண்டவை பின்தங்கின. அந்த ஆராய்ச்சி நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. எந்த உணவில் எந்தச் சத்து உண்டு என்று நாம் இன்று அறிந்திருப்பதற்கு இத்தகைய உழைப்பே அடிப்படை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கூண்டிலுள்ள எலிக்கு முன்னால் உணவை வைத்தால் அது தானே உண்டுவிடும். பத்து மாதக் குழந்தைக்கு ஒருவர் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். இந்த வேற்றுமையிலேதான் சமுதாயம் நுழைகிறது.

இதை உலகுக்கு முதன்முதலாகத் தெளிவாக உணர்த்தியவர்களுள் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ஒருவர். ஜமைக்காவில் பிறந்த அவர், அந்நாளில் பொற்கரை என வழங்கிய, இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில் பணியாற்றினார். ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறப்பதைக் கண்டார். அந்நோயைப் பற்றி 1933இல் எழுதினார். 1935இல் அதற்கு ‘குவாஷியார்க்கர்’ என்னும் பெயரை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். இது அந்நாட்டுக் ‘கா’ மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அந்நாட்டுத் தாய்மார் நோய்க்குப் பெயர் வைத்தபோது எந்தச் சத்தின் பெயரையும் சொல்லவில்லை. தாயின் மார்பினின்று இறக்கிவிடப்பட்ட குழந்தையின் நிலையையே சொன்னார்கள். புரதக் குறைவு ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று இப்போது மருத்துவர் கருதுவதில்லை; தொற்றுநோய்களுக்கும் அதில் பங்குண்டு என்கின்றனர். ஆயினும் அப்பெயரிலுள்ள உண்மை மாறவில்லை. குழந்தையின் பசி, குடும்பத்தில் அதன் இடம் மாறும்போது பிறக்கிறது.

இனி, குறுக்கே நிற்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது பொருள் நிலை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் இது 46 சதவீதம். மிகவும் வசதியான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளில் 23 சதவீதம். இந்த இரண்டு எண்களும் இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றன. பணம் இருந்தால் குறை பாதியாகிறது என்பது முதற்பாடம். பணம் இருந்தும் மீதிப் பாதி நிற்கிறது என்பது இரண்டாம் பாடம்.

ஏழை வீட்டில் பணம் எவ்வாறு குழந்தையின் கிண்ணத்தைத் தொடுகிறது? தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஆகவே பட்டினி என்னும் பழைய கொடுமை பெரிதும் குறைந்தது. ஆனால் அரிசி வயிற்றை நிரப்பும். முட்டை, பயறு, கீரை, பால், மீன், பழம் ஆகியவை உடலை வளர்க்கும். பின்னவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டும். கூலி தடைப்பட்ட வாரத்தில் வீட்டுக்காரி எதைக் குறைப்பாள்? அரிசியைக் குறைக்கமாட்டாள். முட்டையைக் குறைப்பாள், பருப்பில் தண்ணீரைக் கூட்டுவாள். பெரியவர்களுக்கு அது ஒரு வாரத் துன்பம். வளர்கின்ற குழந்தைக்கோ அது எலும்பிலும் குருதியிலும் பதிகின்ற இழப்பு. மேற்கூறிய கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளுள் 67 சதவீதத்தினருக்குக் குருதிச்சோகை இருந்தது. தமிழ்நாட்டில் 57 சதவீதத்தினருக்கு இருந்தது. அரிசி நிறைந்த வீட்டிலும் இரும்புச்சத்து இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? கூலியில் ஒரு பகுதி மதுக்கடைக்குப் போகும் வீட்டிலோ, முட்டைக்கும் பயற்றுக்குமான காசே முதலில் மறைகிறது.

இரண்டாவது, தாயின் நேரம். ஒரு நாளில் மூன்று நான்கு வேளை ஊட்ட வேண்டும் என்று முன்னே கூறினேன். குழந்தைக்கு ஊட்டுவதற்கு ஒரு வேளைக்கு அரைமணி நேரமாவது பிடிக்கும். அது துப்பும், முகத்தைத் திருப்பும், விளையாடும், உறங்கிவிடும். பொறுமையுடைய ஒருவர் அருகில் இருந்தாலன்றி அந்தச் சிறு குவளை உள்ளே போகாது. வயலிலும் செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் நாள் முழுதும் உழைக்கும் தாய்க்கு அந்த அரைமணி எங்கே கிடைக்கும்? வேலைக்குப் போகாவிட்டால் உணவு வாங்கக் காசு இல்லை. வேலைக்குப் போனால் உணவை ஊட்ட நேரம் இல்லை. இந்த இருதலைக் கொள்ளி நிலையை, ‘தாய்மாருக்கு அறிவு போதாது’ என்று கூறி நாம் மறைத்துவிடுகிறோம்.

நம் பாட்டிமார் அறிந்த ஒரு நல்ல முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, அரைத்து மாவாக்குவார்கள். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி அதில் உண்டாகிறது. இளஞ்சூட்டில் உலர்த்தி வறுத்த மாவில் அந்நொதி ஓரளவு நிலைத்து நிற்கும். அதனால் இம்மாவில் காய்ச்சிய கஞ்சி கூழாக இறுகாமல் இளகி நிற்கிறது. ஆகவே அதே குவளையில் மாவைக் கூடுதலாகச் சேர்க்கலாம். சிறு வயிற்றுக்குள் மிகுந்த சத்து செல்லும். எவ்வளவு நுட்பமான முறை! ஆனால் ஊறவைக்க ஒரு நாள், முளைகட்ட இரண்டு நாள், உலர்த்த ஒரு நாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த நாள்களெல்லாம் ஒரு பெண்ணின் நாள்கள். அவளுக்கு ஓய்வு இல்லாத இடத்தில் அறிவும் பயன்படாமல் போகிறது.

மூன்றாவது, பெண்ணின் கல்வியும் வீட்டில் அவளுக்குள்ள மதிப்பும். பள்ளிக்கே செல்லாத தாய்மாரின் குழந்தைகளுள் 46 சதவீதத்தினர் உயரக் குறைவுடையவர். பன்னிரண்டு ஆண்டோ அதற்கு மேலோ படித்த தாய்மாரின் குழந்தைகளுள் 26 சதவீதத்தினரே அவ்வாறு இருந்தனர் என்று அதே கணக்கெடுப்பு காட்டுகிறது. படித்தவள் நாளிதழையும் மருந்துச் சீட்டையும் வாசிக்கிறாள் என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. படித்தவள் சற்றுத் தாமதமாக மணம் செய்துகொள்கிறாள். மருத்துவரிடம் அஞ்சாமல் கேள்வி கேட்கிறாள். ‘குழந்தைக்கு முட்டை வாங்க வேண்டும்’ என்று கணவனிடமும் மாமியாரிடமும் கூறும் துணிவைப் பெறுகிறாள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மார் படித்தவர்களாகவும் இருப்பர் என்பது உண்மைதான். ஆகவே கல்வியின் பங்கையும் செல்வத்தின் பங்கையும் முற்றிலும் பிரித்துக் காட்டுதல் எளிதன்று. எனினும் வருவாய் தாயின் கைக்கு வரும்போது அதில் மிகுந்த பங்கு குழந்தைகளின் உணவுக்குச் செல்கிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் உணர்த்தியிருக்கின்றன.

நம் நாட்டில் பல வீடுகளில் பெண்கள் கடைசியில் உண்ணும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எல்லோரும் உண்டு முடித்த பிறகு எஞ்சியதே அவள் பங்கு. கருவுற்றிருக்கும்போதும் அப்படியே. இளவயதில் மணந்து, இரத்தம் குறைந்து, போதிய உணவின்றிச் சுமந்த தாய் எடை குறைந்த குழந்தையைப் பெறுகிறாள். ஆகவே குழந்தையின் ஊட்டக்குறை அது பிறக்குமுன்பே, அதன் தாய் சிறுமியாய் இருந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்மகவை விரும்பும் மனப்பான்மையும் இதில் பங்கு கொள்கிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியாவில் முதற்குழந்தைகள் உயரத்தில் ஆப்பிரிக்க நாட்டு முதற்குழந்தைகளுக்குக் குறைந்தவர்கள் அல்லர். இரண்டாவது மூன்றாவது என்று போகப்போக நம் குழந்தைகளின் குறை வேகமாகப் பெருகுகிறது என்று அவர்கள் கண்டனர். மூத்த மகனுக்குக் குடும்பம் தரும் தனிச் சலுகையே இதற்கு முக்கியக் காரணம் என்பது அவர்கள் முடிவு. ஒரே கூரையின்கீழ், ஒரே அடுப்பில் வெந்த சோறு, பிறந்த வரிசையையும் ஆண் பெண் என்னும் வேற்றுமையையும் பார்த்துப் பங்கிடப்படுகிறது!

நான்காவது, வழக்கம். வழக்கங்கள் எல்லாம் தீயவை என்று கூறுவோர் நம் மக்களை அறியாதவர். பிள்ளைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து, சில மாதம் வேலையின்றி வைத்திருப்பது எவ்வளவு அறிவுடைய வழக்கம்! குழந்தைக்கு முதன்முதலில் சோறூட்டுவதை ஒரு விழாவாக ஆக்கியதும், அந்த நாளின் இன்றியமையாமையை உணர்ந்ததாலேயே. ஆனால் தீமை தரும் வழக்கங்களும் உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரைச் ‘சேனை’யாக வைப்பதும், முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவதும் பல இடங்களில் வழக்கமாய் இருந்தன. நோய்களை எதிர்க்கும் பொருள்கள் நிறைந்த அந்தப் பால், குழந்தைக்கு இயற்கை இடும் முதல் தடுப்பு மருந்து. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உணவையும் நீரையும் நிறுத்திவிடுவது மற்றொரு தவறு. உடலினின்று நீர் வெளியேறிக்கொண்டிருக்கும்போதுதான் உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரும், தாய்ப்பாலும், மென்மையான உணவும் மிகவும் தேவை.

வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இதுவே ஐந்தாவது தடை. அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தைக்குப் பசி குறைகிறது. உண்டதும் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. காய்ச்சலை எதிர்க்க உடல் தன் சத்தையே செலவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலத் தாய் ஊட்டிக்கொண்டே இருக்கிறாள்; குடம் நிரம்பவில்லை. தெருவில் சாக்கடை தேங்கினால், குடிநீர்க் குழாயில் அழுக்கு நீர் கலந்தால், கழிப்பிடம் இல்லாமல் திறந்த வெளி அசுத்தமானால், அதன் விலையை முதலில் செலுத்துவது தவழும் குழந்தைதான். வசதியான வீட்டிலும் 23 சதவீதம் எஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். செல்வன் தன் வீட்டுக்குள் பளிங்குத் தளம் பாவலாம்; ஊரின் ஈக்களுக்கு வேலி கட்ட இயலுமோ?

ஆறாவதாக, கடைத்தெரு. முற்காலத்துக் குழந்தைக்கு இல்லாத ஓர் இடையூறு இக்காலத்துக் குழந்தைக்கு உண்டு. வேலைக்குச் செல்லும் தாய், அழும் குழந்தையின் கையில் ஐந்து ரூபாய் ரொட்டிப் பொட்டலத்தையோ எண்ணெய் வறுவலையோ கொடுத்துவிட்டுப் போகிறாள். அது குழந்தையின் பசியைக் கெடுக்கிறது. வளர்ச்சிக்கு வேண்டியதைத் தருவதில்லை. தாயைக் குறை கூறுமுன், எந்தச் சிற்றூரிலும் எளிதாகக் கிடைப்பது எது என்று எண்ணிப் பாருங்கள். அவித்த சுண்டலா, பளபளக்கும் பொட்டலமா? புட்டிப்பால் விளம்பரத்தால் தாய்ப்பால் ஊட்டுவது குறைந்துவிடும் என்று அஞ்சி, அத்தகைய விளம்பரங்களைத் தடுக்க நம் நாட்டில் 1992இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனை உணர்ந்து காப்பது மக்களின் கடமை.

இத்தனை தடைகளையும் ஒரு குடும்பம் தனித்து நின்று வெல்ல இயலாது என்பதை அரசுகளும் உணர்ந்திருக்கின்றன. 1920இல் சென்னை நகராட்சிப் பள்ளி ஒன்றில் தொடங்கிய மதிய உணவும், காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது 1956இல் பரவிய மதிய உணவுத் திட்டமும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் உலகோர் போற்றத்தக்கவை. பசித்த பிள்ளை பாடத்தைக் கவனிக்காது என்னும் உண்மையை அவை ஏற்றுக்கொண்டன. ஆனால் ஒன்று கவனியுங்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது. குவாத்தமாலாவின் படிப்பினைப்படி மிகவும் விலைமதிப்புள்ள இரண்டு ஆண்டுகள் அதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன. பந்தியில் வந்து உட்காரத் தெரியாத குழந்தைக்கு எவ்வாறு உணவிடுவது?

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், அங்கன்வாடிகளின் வாயிலாக இதற்கு விடை காண முயன்றது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கியின் துணையோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மற்றொரு வழியைக் கண்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை ஊரிலேயே மாதந்தோறும் நிறுத்தார்கள். எடையை ஓர் அட்டையில் புள்ளியாகக் குறித்து, அப்புள்ளிகளைக் கோடாக இணைத்தார்கள். கோடு மேலே ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். தாயோடு அமர்ந்து காரணத்தை ஆராய்ந்தார்கள். அத்திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. குழந்தை நோயுற்று வீழ்ந்த பிறகு மருத்துவமனைக்கு ஓடுவதைவிட, கோடு சாயும்போதே கண்டுகொள்வது எளிது என்பதை அந்தத் தராசு கற்பித்தது.

இத்தகைய முயற்சிகளால் தமிழ்நாட்டில் உயரக் குறைவுடைய குழந்தைகள் 2019-21 கணக்கெடுப்பில் 25 சதவீதமாக இருந்தனர். நாட்டின் சராசரியைவிட இது நன்று. எனினும் நால்வரில் ஒருவர் என்பது சிறு தொகையா? அதற்கு முந்திய 2015-16 கணக்கெடுப்பில் அது 27 சதவீதமாக இருந்தது. அரிசியும் சத்துணவும் வந்த பிறகு எஞ்சி நிற்கும் இந்தப் பங்கு மெல்லவே குறைகிறது. காரணம், எஞ்சியிருப்பது அரிசியால் மட்டும் தீரும் குறை அன்று. அது தாய்க்கு ஓய்வு கொடுத்தாலும், வேலையிடத்துக்கு அருகில் குழந்தைக் காப்பகம் வைத்தாலும், தூய நீர் வந்தாலும், தந்தையும் ஊட்டக் கற்றுக்கொண்டாலுமே தீரும். 1961இல் இயற்றிய மகப்பேற்று நலச் சட்டம் தந்த சம்பளத்தோடு கூடிய விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது. நல்ல செய்தி. ஆனால் நாற்று நடும் பெண்ணுக்கும் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கும் சம்பளப் பட்டியலும் இல்லை, விடுப்பும் இல்லை. தமிழக அரசு 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கிவரும் மகப்பேற்று உதவித்தொகை, அப்பெண்கள் சில வாரமாவது வீட்டில் இருந்து பாலூட்ட ஒரு துணை. அத்தகைய துணைகள் பெருக வேண்டும்.

மாணவ மாணவியரே, இவற்றைக் கேட்டு, ‘நாங்கள் என்ன செய்ய இயலும்?’ என்று எண்ணுகிறீர்களோ? உங்கள் தெருவிலும் ஓர் அங்கன்வாடி இருக்கும். அங்கே தொங்கும் தராசையும் எடைக் கோட்டையும் ஒரு நாள் சென்று பாருங்கள். உயிரியல் பாடத்தில் நீங்கள் கற்ற புரதமும் இரும்பும் அந்தக் கோட்டில் உயிரோடு ஏறுவதையும் இறங்குவதையும் காண்பீர்கள். கோடு சாய்ந்த குழந்தையைப் பார்த்தால், ‘இதன் தாய்க்கு என்ன தெரியாது?’ என்று கேட்காதீர்கள். ‘இதன் தாய்க்கு என்ன கிடைக்கவில்லை?’ என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு சிறு குழந்தை இருந்தால், இன்று மாலை அம்மாவிடமிருந்து கிண்ணத்தை வாங்கி, நீங்களே அரைமணி நேரம் உட்கார்ந்து ஊட்டிப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் முக்கியமாக இதைச் செய்ய வேண்டும். அந்த அரைமணி நேரத்தின் விலை என்ன என்பதை எந்தப் புத்தகமும் அவ்வளவு நன்றாகக் கற்பிக்காது. அதை அறிந்தவர்கள் பிற்காலத்தில் பெற்றோராகவும், அலுவலராகவும், சட்டம் இயற்றுபவராகவும் ஆகும்போது, நால்வரில் ஒருவர் என்னும் அந்தக் கணக்கு மாறும்.